கலியாண வீட்டில் இன்னும் ‘சின்ன மாமியே’தான்: பழைய பாட்டுகள் ஏன் விடாமல் நிற்கின்றன?

கல்லடி கீபோட் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு சின்ன இசைக்குழுவில் கீபோட் வாசிக்கிறேன், ஊர் கல்லடி. ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று கூப்பிடுகிற இடமெல்லாம் போகிறோம். இப்போது குழுவுக்குள்ளே ஒரு இழுபறி. எங்கள் பாடகர் தம்பிக்கு இருபத்திரண்டு வயது, நல்ல குரல். பழைய பாட்டுகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று நிற்கிறார். மண்டபத்தில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள், அவர்களுக்கு ஏன் எங்கள் அப்பா காலத்துப் பாட்டு என்கிறார்.

நான் மேடையில் இருந்து பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. புதுப்பாட்டு ஒன்று பிடித்துக்கொண்டால் அந்த வருஷம் முழுக்க எல்லா இடத்திலும் அதையே கேட்பார்கள், நாங்களும் சந்தோஷமாக வாசிப்போம், அடுத்த வருஷம் அதே பாட்டை எடுத்தால் ஆட்கள் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் சாப்பாடு முடிந்து கதிரைகளைச் சுவரோரம் தள்ளுகிற நேரத்தில் ட்ரம்ஸ்காரர் பைலா, அதாவது எங்கள் நாட்டுத் துள்ளல் ஆட்டப் பாட்டின் தாளத்தை எடுத்தால் போதும். பாட்டு இன்னும் தொடங்கவில்லை, தாளம் மட்டும்தான், அதற்கே மாப்பிள்ளையின் மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்புவார், அவருக்குப் பின்னால் பிள்ளைகள், கடைசியில் வாசலில் நின்ற பொடியன்கள். ‘சின்ன மாமியே’, ‘சுராங்கனி’ இரண்டும் இல்லாமல் ஒரு கலியாணத்தை நாங்கள் முடித்ததே இல்லை. ஆட்டத்துக்கு முன்னால், ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற நேரத்தில் சுசீலா அம்மா பாடியதோ டி.எம்.எஸ் பாடியதோ போனால், ஒருவரும் கை தட்டமாட்டார்கள், ஆனால் பந்தியில் கறி வைக்கிறவரின் வாய் அசையும்.

வயது போனவர்களுக்கு அது தங்கள் இளமைக்கால நினைவு, அது எனக்கு விளங்குகிறது. பதினைந்து, பதினாறு வயதில் கேட்டது சாகும்வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. எனக்கு விளங்காதது அந்த வாசலில் நின்ற பொடியன்கள். அந்தப் பாட்டுகள் வந்தபோது அவர்களுடைய தாய் தகப்பனே பிறந்திருக்கமாட்டார்கள். இவர்களுக்கு எந்த நினைவு?

ஆகவே கேள்வி இரண்டு. ஒன்று, சில பாட்டுகள் மட்டும் தலைமுறை தாண்டி நிற்பதற்கு உண்மையான காரணம் என்ன? இரண்டு, ஒரு மணித்தியாலத்துக்குப் பழைய பாட்டுகள் மட்டும் வாசிக்கச் சொன்னால் எவற்றை விடவே கூடாது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் சொன்னால் எனக்குப் பெரிய உதவி, ஏனென்றால் நாங்கள் வாசிப்பது உங்களுக்குத்தான்.


களுவாஞ்சிகுடி தபாலகம் எழுதுகிறார்:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு என்னுடைய பதில் வானொலி. நான் தபால் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எழுபதுகளில் எங்கள் கந்தோரில் ஒவ்வொரு நாளும் கட்டுகிற கொழும்புப் பையில் தபாலட்டைகள் ஒரு தனிக் கட்டாக இருக்கும், எல்லாவற்றிலும் ஒரே விலாசம், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தொரிங்டன் சதுக்கம், கொழும்பு 7. மேலே படத்தின் பெயர், பாட்டு, அதற்குக் கீழே விரும்பிக் கேட்கிறவர்களின் பெயர்கள். அட்டையில் இடம் போதாமல் எறும்பளவு எழுத்தில் அம்மா, அப்பா, அக்கா, மச்சாள், பக்கத்து வளவுப் பிள்ளைகள் என்று ஓரம் முழுக்கச் சுற்றி எழுதியிருப்பார்கள். பாட்டைக் கேட்பதற்கு அவ்வளவு பாடு பட்டார்கள். பாடுபட்டுக் கேட்ட பாட்டு மறக்குமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1925இல் கொழும்பில் தொடங்கிய நிலையம் அது, ஆசியாவின் மூத்த நிலையங்களில் ஒன்று. ஐம்பதுகளில் இந்தியாவின் வானொலி சில வருஷம் திரைப்பாட்டுகளை ஒதுக்கி வைத்த நேரத்தில் இலங்கை வானொலிதான் அவற்றைப் போட்டது, தமிழ்நாட்டு ஆட்களும் எங்களுடைய நிலையத்தைத்தான் திருகிக் கேட்டார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குரல், ஒரு விதம். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ முடிவதற்குள் பாடசாலைக்கு வெளிக்கிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அடி விழும். படம் இங்கே வருவதற்கு முன்னாலேயே பாட்டு வந்துவிடும். படம் எப்படியோ, எங்கள் ஊரில் பாதிப்பேர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. வெறும் குரலும் மெட்டும் சொல்லும் மட்டும்தான் எங்களுக்கு வந்தது, அதனால் அந்த மூன்றும் நன்றாக இருந்த பாட்டுத்தான் நின்றது.

அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், பாடியவர், எழுதிய கவிஞர், இசையமைத்தவர் என்று எல்லாப் பெயரையும் சொல்வார்கள். எங்கள் அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் கண்ணதாசன் எழுதியது எது, மற்றவர்கள் எழுதியது எது என்று முதல் அடியிலேயே சொல்லிவிடுவார். கேட்பவர்களை அந்த அளவுக்கு மதித்துப் போட்ட பாட்டுகள் தம்பி அவை. இப்போது எஃப்.எம்மில் பாட்டு முடிவதற்கு முன்னாலேயே ஆள் கதைக்கத் தொடங்கிவிடுகிறார், எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டாவது கேள்விக்கு: விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்து டூயட் குறைந்தது இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் விருப்பம்.


மருதமுனை டீச்சர் எழுதுகிறார்:

தபாலக ஐயா சொல்வதோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். ஆனால் வானொலி மட்டும் என்றால் எங்கள் வீட்டுக் கதை அதற்குள் அடங்காது. எங்கள் வீட்டில் பாட்டு வந்தது கசெட்டில்.

எண்பதுகளில் எங்கள் மாமா சவூதியில் வேலை செய்தார். விடுமுறையில் வரும்போது இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெரிய ரேடியோ கசெட் ஒன்று கொண்டுவந்தார், உம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார். மாமா கடிதம் எழுதமாட்டார், கசெட்டில் பேசி யாராவது ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்து அனுப்புவார். ஒரு பக்கம் முழுக்கப் பேச்சு, இன்னாருக்குச் சலாம், இன்னாருக்குச் சலாம், காசு கிடைத்ததா, கூரை வேலை முடிந்ததா என்று. பேச்சு முடிந்த பிறகு மிச்சம் இருக்கிற நாடாவை வீணாக்காமல் நாகூர் ஹனிபா அவர்களின் பாட்டு ஒன்றைப் பதிந்து விட்டிருப்பார். அந்தப் பாட்டை நாங்கள் தனியாகக் கேட்டதே இல்லை, எப்போதும் மாமாவின் குரலுக்குப் பின்னால்தான் கேட்டிருக்கிறோம். இப்போது மாமா இல்லை. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ எங்கே கேட்டாலும் உம்மா செய்கிற வேலையை விட்டுவிட்டு அப்படியே இருந்துவிடுவார்.

ஹனிபா அவர்கள் 1925இல் பிறந்தவர், 2015இல் காலமானார். நோன்பு காலத்தில் எங்கள் பக்கம் கேட்காத தெரு இல்லை. அது மட்டுமல்ல, பாண்டிருப்பில் என்னோடு படித்த தமிழ்ப் பிள்ளைகளும் அந்தப் பாட்டை முழுக்கப் பாடுவார்கள். எங்களுக்கும் கோயில் ஸ்பீக்கரில் விடியப்புறம் கேட்ட சீர்காழி கோவிந்தராஜன் பாட்டு வரிசையாகத் தெரியும். சண்டையும் சச்சரவும் நடந்த வருஷங்களிலும் அடுத்த ஊர்ப் பாட்டு காற்றில் வந்துகொண்டுதான் இருந்தது, அதை ஒருவராலும் மறிக்க முடியவில்லை. இதை நான் லேசாகச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

பொடியன்களுக்கு எந்த நினைவு என்று கேட்டீர்கள். நான் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடத்தை மனப்பாடம் பண்ணுவதற்குப் பிள்ளைகள் பாட்டுக் கட்டுவார்கள், மூலகங்களின் பெயரைப் போட்டு, தாவரக் கலத்தின் பகுதிகளைப் போட்டு. அதற்கு அவர்கள் எடுக்கிற மெட்டைப் பாருங்கள், அநேகமாகப் பழைய பாட்டு. ஏன் என்று கேட்டேன். “டீச்சர், புதுப்பாட்டில் மியூசிக்கை எடுத்துவிட்டால் பாடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது, இது வாயாலேயே பாடலாம்” என்றாள் ஒருத்தி. எனக்கு அதுதான் சரியான விடையாகப் படுகிறது. வாத்தியம் ஒன்றும் இல்லாமல், கரண்ட் இல்லாத இரவில், ஒரு பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு பாட முடிகிற பாட்டுத்தான் நிற்கிறது. எங்கள் மூத்தம்மாமார் வயலிலும் வீட்டிலும் பாடிய கவிகள் எந்த இசைத்தட்டிலும் வராமல் எங்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது அப்படித்தான்.


தன்னாமுனை கிற்றார் எழுதுகிறார்:

டீச்சர் சொன்னது நல்ல கருத்து, ஆனால் கல்லடித் தம்பி கேட்டது ஆட்டத்தைப் பற்றியும்தானே. வாயால் பாடுவது ஒரு பக்கம், காலுக்கு ஏன் அந்தத் தாளம் உடனே பிடிக்கிறது என்பது இன்னொரு பக்கம். அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பம் போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கிக் குடும்பம், நான் நடக்கப் பழகியதே அந்தத் தாளத்தில்.

1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள், அதோடு போர்த்துக்கீசரின் ஆட்சி இங்கே முடிந்தது. ஆனால் அவர்களுடைய மொழியையும் பாட்டையும் எங்கள் ஆட்கள் விடவில்லை. தச்சு வேலையும் தையல் வேலையும் செய்துகொண்டு, வீட்டில் அந்தப் போர்த்துக்கீசக் கிரியோலைப் பேசிக்கொண்டு, கலியாணத்தில் வயலின், கிற்றார், றபான் என்கிற கைப்பறை வைத்துக் கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்டம் ஆடினார்கள். வயது போனவர்கள் இன்னும் பேசுகிறார்கள், கலியாணத்தில் இன்னும் ஆடுகிறோம். எட்டில் ஆறு என்று சொல்கிற தாளம், அதாவது ஒன்று-இரண்டு-மூன்று, நான்கு-ஐந்து-ஆறு. ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம் விழும், காலுக்கு அது இரண்டு அடிவைப்பு. கைக்கு அதற்குள்ளே மூன்று மூன்றாக ஓடும். கால் ஒன்று சொல்லும், இடுப்பு ஒன்று சொல்லும். இதை யாரும் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. தம்பி, உங்கள் ட்ரம்ஸ்காரர் இதை நான்கு நான்காக நேராக்கி அடித்துப் பார்க்கட்டும், மாமி எழும்பமாட்டார்.

வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர்தான் சிங்களத்தில் பைலாவை ரேடியோவுக்கும் மேடைக்கும் கொண்டுவந்த பெரிய ஆள். தமிழில் அதை எடுத்தவர்கள் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் வந்த எங்கள் பொப் பாடகர்கள். ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்தவர், ஆனால் அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். அதனால் அம்பாறை ஆட்கள் அந்தப் பாட்டில் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம் என்று நான் எப்போதும் சொல்வேன். ‘சுராங்கனி’யைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர் ஏ.ஈ. மனோகரன். தமிழும் சிங்களமும் கலந்த பாட்டு, 1977இல் இளையராஜா ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அதை எடுத்துப் போட்டார். எங்கள் நாட்டுப் பாட்டு இந்தியத் திரைப்படத்துக்குப் போனது, எப்போதும் அங்கிருந்து இங்கேதான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது எங்கள் குழு ஆட்கள் நாலைந்து பேர் வாவிக்கரையில் இருந்து அவருடைய பாட்டுகளை வரிசையாக வாசித்தோம்.

இந்தப் பாட்டுகளுக்குத் தேவை மூன்று கோட், அதாவது கிற்றாரில் சேர்த்துப் பிடிக்கிற மூன்று சுரக்கூட்டு. கிற்றார் வாங்கி ஒரு மாதம் ஆன பொடியன் வாசிப்பான், மேசையில் தட்டுகிறவனும் சேர்ந்துகொள்ளலாம். சொற்கள் மாமி, மீன், கள்ளுக்கடை என்று வீட்டுச் சொற்கள். கேட்டுவிட்டு எழும்பிப் போகிற பாட்டு இல்லை, எல்லோரும் உள்ளே வருகிற பாட்டு. எத்தனையோ அருமையான திரைப்பாட்டுகள் இருக்கின்றன, எனக்கும் உயிர்தான், ஆனால் அவற்றைப் பாடுவதற்கு ஒரு சுசீலா வேண்டும். தபாலக ஐயா இந்தியப் பாட்டுகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனது எனக்குக் கொஞ்சம் மனக்குறை.

திருகோணமலை எம்.பி. பரமேஷையும் விடாதீர்கள். ‘உனக்குத் தெரியுமா’ மெதுவான பாட்டு, ஆட்டத்துக்கு நடுவில் ஆட்கள் மூச்சு விடுகிற நேரத்தில் போடுங்கள்.


வந்தாறுமூலை மாணவன் எழுதுகிறார்:

நான் கல்லடி அண்ணா சொன்ன வாசலில் நிற்கிற பொடியன்களில் ஒருவன், ஊர் தம்பிலுவில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். எங்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பாட்டு வருகிற வழி வேறு. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பார்த்துவிட்டு வந்த இரவு எங்கள் விடுதியில் ‘கண்மணி அன்போடு’ ஓடாத அறை இல்லை. அந்தப் பாட்டு இருக்கிற ‘குணா’ 1991இல் வந்த படம், எங்களில் ஒருவரும் அப்போது பிறக்கவில்லை. அந்த மலையாளப் படத்தில் குகைக்குள்ளே ஒரு நண்பன் விழுந்துகிடக்க, மேலே வருகிற இடத்தில் அந்தப் பாட்டு வரும், இருபது வயதில் நண்பர்களோடு உட்கார்ந்து அதைப் பார்த்தவனுக்கு அது பழைய பாட்டு இல்லை, அவனுடைய பாட்டு. ‘விக்ரம்’ படத்தில் 1995ஆம் ஆண்டு ‘அசுரன்’ படத்தின் ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’ வந்த பிறகும் அப்படித்தான் நடந்தது. ஆகவே எங்களுக்கு நினைவு இல்லை என்பது சரியில்லை அண்ணா, எங்களுக்கு அந்தப் பாட்டுகளோடு புது நினைவு இருக்கிறது. கல்முனை பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்டது, பரீட்சைக்கு முதல் நாள் கேட்டது, எல்லாம் எங்களுடையதுதான்.

ஆனால் ஒன்றை எல்லோரும் சேர்ந்து சொல்வது எனக்கு வருத்தம். பழைய பாட்டுத்தான் பாட்டு, இப்போது வருவதெல்லாம் சத்தம் என்று. எழுபதுகளில் வந்த பாட்டுகள் அத்தனையும் நல்லவையா? ஒரு வருஷத்தில் வந்த படங்களை எடுத்து எல்லாப் பாட்டையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், நான் யூடியூபில் கேட்டுப் பார்த்திருக்கிறேன், பத்தில் ஏழு எட்டைத் திரும்பக் கேட்க மனம் வராது. அவை உதிர்ந்து போய்விட்டன, நல்லவை மட்டும் உங்கள் கையில் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு இந்த வருஷத்துப் பாட்டு முழுவதோடும் ஒப்பிட்டால் எப்படி? எங்கள் காலத்துப் பாட்டுக்கும் ஐம்பது வருஷம் கொடுங்கள்.

அப்புறம் பெயர் விஷயம். தபாலக ஐயா சொன்ன மாதிரி எங்களுக்கு யாரும் பெயர் சொல்வதில்லை. எங்கள் நாட்டுப் பொப் பாட்டுகளைத் தேடினால் பாடியவர் பெயரே இல்லாமல் ‘பழைய ஹிட்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், சிலவற்றில் வேறு ஆளின் பெயர். நித்தி கனகரத்தினம் என்ற பெயரை நானே இந்த இழையில்தான் முதலில் வாசிக்கிறேன், பாட்டு மட்டும் சின்ன வயதிலிருந்து தெரியும்.


அக்கரைப்பற்று ரெக்கோடிங் பார் எழுதுகிறார்:

மாணவத் தம்பியின் கடைசிப் பந்தியை வாசித்த பிறகுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் எண்பதுகளின் கடைசியிலிருந்து ரெக்கோடிங் பாரில் வேலை செய்தவன். ஆட்கள் கொப்பித் தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள், நாங்கள் ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்கு அடித்துக் கொடுப்போம். இந்தியப் பாட்டுகள் எங்கேயும் போகாது, அதற்குக் கம்பெனிகள் இருக்கின்றன, எத்தனையோ இடத்தில் பிரதி இருக்கிறது. போவது எங்களுடையதுதான். இங்கே இருந்த இசைக்குழுக்கள் மேடையில் வாசித்தது, ஊர்ப் பாடகர்கள் பாடியது, கூத்து, வசந்தன் ஆட்டப் பாட்டு, நாட்டுக் கவி எல்லாம் ஆளாளுக்கு ஒரு கசெட்டில்தான் இருந்தது. சண்டையில் வீடு விட்டு ஓடியபோது பாதி போனது. 2004 டிசம்பர் 26இல் கடல் மீதியை எடுத்தது. இலங்கையிலேயே அதிகம் பேர் இறந்த மாவட்டம் எங்கள் அம்பாறை, அந்த நேரத்தில் கசெட்டைப் பற்றி யார் நினைத்தது? ஆனால் போனது போனதுதான்.

மிஞ்சியிருப்பதையாவது எடுங்கள். அலுமாரிக்கு மேலே, பழைய சூட்கேஸுக்குள்ளே கிடக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

கண்டவுடன் போட்டு ஓடவிடாதீர்கள். முதலில் கசெட்டின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், செப்புத் தகட்டில் ஒரு சின்னப் பஞ்சு ஒட்டியிருக்கும், அது இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாகத்தான் வரும். திருகாணி போட்ட வேறு கசெட் ஒன்றைக் கழற்றி, நாடாவை இரண்டு சுருளோடும் சேர்த்து அதற்குள் மாற்றிவிடலாம். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ப்ளேயரில் போடவே வேண்டாம், மற்றக் கசெட்டுகளுக்கும் அது ஒட்டிவிடும். ஐசோப்ரோபைல் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ப்ளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். பெல்ட் தளர்ந்த ப்ளேயரில் பாட்டு மெதுவாகி சுருதி இறங்கிவிடும், ஆகவே தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு முதலில் சோதியுங்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதை மிக மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேட்டால் ஒரு இடத்தில் ‘ஸ்’ என்கிற எழுத்துகள் பளிச்சென்று வரும், அங்கே நிறுத்துங்கள். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்யாமல் “கசெட் பழுது” என்று தூக்கி எறிகிறார்கள்.

பிறகு ப்ளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள், சத்தம் சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சலை எடுக்கிறேன் என்று அந்த முதல் பதிவில் கை வைக்க வேண்டாம், அதை அப்படியே வைத்துவிட்டு இன்னொரு பிரதியில் என்னவும் செய்யுங்கள். 90 நிமிஷக் கசெட்டின் நாடா 60 நிமிஷத்ததைவிட மெல்லியது, அதை வேகமாகச் சுற்றாதீர்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பாடியவர், வாசித்தவர், ஊர், வருஷம், தெரிந்த அளவுக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டில் வயது போனவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.


கல்லடி கீபோட்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எங்கள் பாடகர் தம்பியையும் வாசிக்க வைத்தேன். மாணவத் தம்பியின் ‘ஐம்பது வருஷம் கொடுங்கள்’ அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது, தன் பக்கத்துக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி. கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம்: பழையதைக் குறைக்கவில்லை, ஆனால் எதை எடுக்கிறோம் என்பதை மாற்றுகிறோம். டீச்சர் சொன்னதை வைத்து, கீபோட்டும் ட்ரம்ஸும் இல்லாமல் அவர் தனிக்குரலில் முதல் நான்கு அடியைப் பாடட்டும், சபை சேர்ந்து பாடினால் அந்தப் பாட்டு பட்டியலில் இருக்கும், இல்லையென்றால் வேறு பாட்டு. புதுப்பாட்டுக்கும் அதே சோதனைதான்.

பெயர் சொல்வதை வருகிற கலியாணத்திலிருந்தே தொடங்குகிறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், இரண்டு வரிக்குமேல் போகாமல். நித்தி கனகரத்தினம் பெயரோடு ஹாடியையும் சேர்த்துச் சொல்வேன். தபாலக ஐயாவுக்கு இரண்டு டூயட், டீச்சரின் உம்மாவுக்காக ஹனிபா அவர்களின் பாட்டு ஒன்று, ஆனால் அது சாப்பாட்டு நேரத்தில், ஆட்டத்துக்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன். பரமேஷ் பாட்டுக்கு இடம் இருக்கிறது.

ரெக்கோடிங் பார் காக்கா, எங்கள் பெரியப்பா எழுபதுகளில் ஒரு குழுவில் மவுத்ஓர்கன் வாசித்தவர், அவரிடம் கொஞ்சம் கசெட் கிடக்கிறது, இரண்டில் வெள்ளைப் பூஞ்சணம் இருக்கிறது. அதை நானே தொடலாமா, உங்களிடம் கொண்டுவரவா?


அக்கரைப்பற்று ரெக்கோடிங் பார்:

தொடவேண்டாம் தம்பி. பூஞ்சணம் பிடித்த இரண்டையும் வேறாக ஒரு பைக்குள் போட்டு, ஈரம் படாமல் கொண்டுவாருங்கள். கூட அரிசிப் பை, காய்கறி ஒன்றும் வைக்கவேண்டாம். பெரியப்பாவுக்கு வர முடியுமென்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள், யார் யார் வாசித்தது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.


தன்னாமுனை கிற்றார்:

மவுத்ஓர்கன் என்றால் நானும் வருகிறேன். கிழமை நாளில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கோயில். ‘சுராங்கனி’யை எந்தச் சுருதியில் எடுக்கிறீர்கள்? பெண்களும் சேர்ந்து பாட வேண்டுமென்றால் ஜீ மேஜரில் வைத்துப் பாருங்கள், ஏ-க்குப் போனால் மேல் அடியில் மாமிமார் விட்டுவிடுவார்கள்.